வேண்டாம் என்றார்

விமானம் நிலக்கடலை வயலில் கவிழ்ந்து கிடக்கிறது என்று தகவல் வந்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் என் ரிஜிஸ்டரை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார்கள். பீப்பாய்களுக்கு அரக்கு முத்திரை வைத்தார்கள். யாருக்கு எங்கே அடி, யார் பிழைத்தார்கள் என்பதெல்லாம் அதற்கப்புறம்தான் தெரிந்தது. விமானத்துக்கு எண்ணெய் அடிக்கிறவன் தொழிலில் இதுதான் முறை. எது எங்கே விழுந்தாலும், அது கடைசியாக எண்ணெய் வாங்கிய இடத்துக்குச் சேதி போகும். மாதிரி எடுப்பார்கள், கணக்கைக் கைப்பற்றுவார்கள். முறைதான் என்று தெரிந்தும் எனக்குக் கை நடுங்கியது. வேலைக்குச் சேர்ந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. கல்யாணம் வேறு நிச்சயமாகியிருந்தது.

எனக்கு ஊர் திருவனந்தபுரத்துக் கிழக்கேகோட்டை. அப்பா நாகர்கோவிலிலிருந்து வந்து, சாலைக் கடைத்தெருவில் வற்றல், மல்லி, புளி மொத்த வியாபாரம் செய்த ஓர் அண்ணாச்சியிடம் கணக்கெழுதியவர். கோட்டைக்குள் ஓட்டு வீடு ஒன்றில் பாதிப் பகுதிக்கு வாடகை. மேத்தன் மணி என்ற கடிகாரத்தில் தாடிக்காரப் பொம்மை வாயைத் திறப்பதையும், இரண்டு ஆடுகள் வந்து அதன் கன்னத்தில் முட்டுவதையும் பார்த்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவோம். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், கடையில் இரண்டும் கலந்த மூன்றாவது ஒன்று. விமான நிலையம் மேற்கே கடற்கரை ஓரம், சில கிலோமீட்டர்தான். பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாபசாமி கடலில் நீராடும் ஆராட்டுக்காகச் சங்குமுகம் போகும்போது ஓடுபாதையைக் கடந்துதான் போவார். அந்தச் சில மணி நேரம் விமானம் வராது, போகாது. உலகத்துக்கெல்லாம் முன்கூட்டியே அறிவிப்புப் போய்விடும். பிற்பாடு அங்கேயே வேலை பார்த்தபோது, எந்த விமானத்துக்கு எப்போது எண்ணெய் என்று பட்டியல் போடுகையில் சாமியின் நேரத்தையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டியிருந்தது.

அந்த நிலையம் 1932-ல் அமையக் காரணமாயிருந்தவர் கோத வர்ம ராஜா. திருவிதாங்கூர் அரச குடும்பத்து மாப்பிள்ளை, விமானம் ஓட்டத் தெரிந்தவர். 1935-ல் டாட்டாவின் சிறு விமானம் ஒன்று பம்பாயிலிருந்து இங்கே வந்து இறங்கியது. 1971 ஏப்ரல் கடைசியில் குலு பள்ளத்தாக்கில் நடந்த விமான விபத்தில் கோத வர்ம ராஜா இறந்துபோனார். அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு அன்று சீக்கிரமே கடைக்குக் கிளம்பியது நினைவிருக்கிறது. திருவனந்தபுரத்தில் விளையாட்டு, சுற்றுலா, விமானம் எதைத் தொட்டாலும் அவர் பெயரில் போய் முட்டும். ஆகாயத்தை அவ்வளவு தெரிந்தவரையே அது விடவில்லை என்பதுதான் எங்கள் தெருவில் பேச்சு. எனக்கு விமானத்தைப் பற்றி முதலில் மனதில் பதிந்தது அந்தப் பேச்சுதான்.

வேலையில் எனக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தவரைச் சேட்டன் என்றுதான் நாங்கள் அத்தனை பேரும் கூப்பிடுவோம். கழக்கூட்டம் பக்கத்துக்காரர். பேச்சு குறைவு. விமான எண்ணெய் இரண்டு வகை என்பதிலிருந்து ஆரம்பித்தார். ஜெட்டுக்கு மண்ணெண்ணெய் இனம். ஏறக்குறைய நிறமில்லாதது, சில சமயம் வைக்கோல் நிறம் தட்டும். விசிறி வைத்த சிறு விமானங்களுக்குப் பெட்ரோல் இனம். தப்பாக ஊற்றிவிடக் கூடாதென்று அதில் நீலச் சாயம் கலந்திருப்பார்கள். ஒன்றை மற்றொன்றில் ஊற்றினால் ஆள் சாவான். முதலில் பூமிக்கம்பி மாட்ட வேண்டும், அப்புறம்தான் குழாய். அடியிலிருந்து கண்ணாடி ஜாடியில் பிடித்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்: கலங்கல் இல்லை, அடியில் தண்ணீர்க் குமிழ் இல்லை, தூசி இல்லை. அடர்த்தி பார்க்க வேண்டும். ஏனென்றால் எங்கள் மீட்டர் லிட்டரில் ஓடும், விமானிக்கு வேண்டியது கிலோ. வெயில் ஏறினால் எண்ணெய் விரியும்; அதே லிட்டருக்கு எடை குறையும். ஜெட் எண்ணெய் லிட்டருக்கு முக்கால் கிலோவுக்கு மேல், ஒரு கிலோவுக்குக் கீழ், சுமார் 0.8. சிறு விமானத்துப் பெட்ரோல் அதைவிட லேசு, 0.72.

கடைசியாக ஒன்று சொன்னார். ‘நீ கேட்டாய், அவன் வேண்டாமென்றான் என்றால் அதையும் எழுது. ஊற்றியதை மட்டும் எழுதுகிறவன் பாதிக் கணக்குத்தான் எழுதுகிறான்.’

சில வருஷத்தில் என்னை வேறொரு மாநிலத்தில் ஒரு சின்ன நிலையத்துக்கு மாற்றினார்கள். ஊர்ப் பெயர் வேண்டாம். நிலக்கடலை வயலில் கவிழ்ந்த அந்த விமானத்தின் முதலாளி குடும்பம் இன்றும் அங்கே நல்ல நிலையில் இருக்கிறது. வாரத்தில் சில நாள் மட்டும் பயணி விமானம் வரும். மற்றபடி வெயில், காய்ந்த புல், ஓடுபாதையில் மேயும் ஆடு. சிறு விமானங்களுக்கான நீல எண்ணெய் அங்கே 200 லிட்டர் பீப்பாயில்தான் வரும். கைப்பம்பைச் சுற்றி, ஆட்டுத்தோல் மாதிரியான மெல்லிய தோல் வடிகட்டி வழியாக இறக்கை மேல் ஏறி நின்று ஊற்ற வேண்டும். அந்தத் தோல் எண்ணெயை விடும், தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும்.

முதலாளியின் விமானம் ஒற்றை எஞ்சின், நாலு பேர் உட்காரலாம், இறக்கை மேலே இருக்கும் ரகம். மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவை எங்கள் நிலையத்தில் இறங்கும். அன்று முதலாளி, அவர் மச்சான், அவர்களுடைய கணக்குப்பிள்ளை, விமானி என்று நாலு பேர். துணி மூட்டைகள், சாம்பிள் பெட்டிகள் வேறு. நான் ஏணி வைத்து ஏறி மூடியைத் திறந்து அளவுக்கோலை விட்டுப் பார்த்தேன். இரண்டு டாங்கிலும் சேர்த்து 70 லிட்டர். நிரம்பினால் 150 பிடிக்கும். ‘ஊற்றவா ஸார்?’ என்று கேட்டேன். விமானி கைக்கடிகாரத்தைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார். ‘வேண்டாம். இது போதும். அங்கே போய் நிரப்பிக்கொள்கிறேன்’ என்றார். நான் கீழே இறங்கி மூடி இறுகியிருக்கிறதா என்று மறுபடி பார்த்துவிட்டு, ரிஜிஸ்டரில் தேதி, நேரம், விமானத்தின் எண், கோலில் கண்ட அளவு, ஊற்றியது இல்லை, கேட்டேன், வேண்டாம் என்றார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவரிடமும் கையெழுத்துக் கேட்டேன். சிரித்துக்கொண்டே போட்டார். நல்ல மனிதர். எனக்கு ஒரு சிகரெட் பாக்கெட் கொடுத்துவிட்டுத்தான் ஏறினார்.

போக வேண்டிய ஊருக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். அந்த எஞ்சின் மணிக்கு 32 லிட்டர் போலக் குடிக்கும். 70 லிட்டரில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே பறக்கலாம். காகிதத்தில் கணக்குச் சரி. ஆனால் மேலே போனதும் எதிர்க்காற்று. பாதி வழியில் இடிமேகம் ஒன்று குறுக்கே நின்றதால் அதைச் சுற்றிப் போனார்கள். டாங்கின் அடியில் எஞ்சின் உறிஞ்ச முடியாத சில லிட்டர் எப்போதும் தங்கும். அதை எண்ணெய் என்று எண்ணவே கூடாது. இறங்க வேண்டிய ஓடுபாதை கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருக்கும்போதே எஞ்சின் இருமி நின்றுவிட்டது. விமானி கீழே ஒரு வயலைப் பார்த்து நேராகக் கொண்டுபோனார். உழுத மண்ணில் முன்சக்கரம் புதைந்து விமானம் தலைகீழாகக் கவிழ்ந்தது. முதலாளிக்குக் காறையெலும்பு முறிந்தது, விமானிக்கு இடது கால். மச்சானுக்கும் கணக்குப்பிள்ளைக்கும் சிராய்ப்பு மட்டும். தீப்பிடிக்கவில்லை. பிடிக்க அதில் என்ன இருந்தது?

விசாரணைக்கு டெல்லியிலிருந்து வந்தவர் மெலிந்த மனிதர், வெள்ளை அரைக்கை சட்டை. முதல் நாள் என்னோடு பேசவேயில்லை. பீப்பாயில் மாதிரி எடுத்தார், வடிகட்டித் தோலை வெயிலில் பிடித்துப் பார்த்தார், என் அளவுக்கோலைத் தனியாக அளந்து சோதித்தார். அன்று சாயங்காலம் முதலாளியின் ஆள் ஒருவர் நான் தங்கியிருந்த அறைக்கு வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். ‘மழைக்காலத்தில் பீப்பாய் வெளியே கிடந்தது இல்லையா? கொஞ்சம் தண்ணீர் இறங்கியிருக்கலாம். மனுஷனுக்குத் தெரியாமல் நடக்கிறதுதானே. அப்படியொரு வார்த்தை சொன்னால் உங்களுக்கு ஒன்றும் வராது, கம்பெனி பார்த்துக்கொள்ளும். இன்ஷூரன்ஸுக்கு அது நல்லது.’ அன்றைக்கு அந்தப் பீப்பாயிலிருந்து ஒரு சொட்டுகூட அந்த விமானத்துக்குள் போகவில்லை என்று சொன்னேன். அது எழுத்தில் இருக்கிறது, விமானி கையெழுத்தோடு இருக்கிறது என்றும் சொன்னேன். அவர் என் மேஜையில் இருந்த கல்யாணப் பத்திரிகை மாதிரியை எடுத்துப் பார்த்து, ‘நல்ல சம்பந்தம்’ என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. சேட்டனை நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

மறுநாள் அதிகாரி என்னை உட்காரச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டு முடித்தபின், அவராகவே சில விஷயங்கள் சொன்னார். விசிறியின் இரண்டு அலகில் ஒன்று மட்டும்தான் பின்னால் மடங்கியிருக்கிறது, மற்றது நேராக இருக்கிறது. சுழன்றுகொண்டிருந்த விசிறி அப்படி மடங்காது, அதனால் மண்ணைத் தொடும்போது எஞ்சின் ஓடவில்லை. எஞ்சினுக்கு எண்ணெய் போகும் குழாயைக் கழற்றினால் ஒரு கரண்டி அளவுகூட வரவில்லை. சுற்றிலும் செடி வாடவில்லை, மண்ணில் வாடை இல்லை; அதனால் விழுந்தபிறகு கசிந்துபோனது என்றும் சொல்ல முடியாது. ‘அவருக்கு முள் என்ன காட்டியது?’ என்று நான் கேட்டேன். கால் டாங்க் காட்டியதாக விமானி சொல்லியிருக்கிறார். அதிகாரி லேசாகச் சிரித்தார். இந்த ரக விமானத்தில் எண்ணெய் காட்டும் முள்ளிடம் விதி கறாராகக் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: நேராகப் பறக்கும்போது, எடுக்கக்கூடிய எண்ணெய் தீர்ந்தால் அது பூஜ்யத்தைக் காட்ட வேண்டும். பாதி, கால் என்பதெல்லாம் முள்ளின் அபிப்பிராயம். அதனால்தான் பழைய விமானிகள் கோலையும் கைக்கடிகாரத்தையும் நம்புவார்கள்.

அப்புறம் ஒரு காகிதத்தை என் பக்கம் திருப்பினார். அதில் எடைக் கணக்கு. விமானம் தூக்கக்கூடிய பாரம் 400 கிலோ. நாலு ஆள் 300. மூட்டையும் பெட்டியும் 50. மிச்சம் 50 கிலோ. 50 கிலோ எண்ணெய் என்றால் எத்தனை லிட்டர் என்று கேட்டார். கிட்டத்தட்ட 70 என்றேன். அதைச் சொல்லும்போதே எனக்கு விளங்கியது. விமானி மறக்கவில்லை, சோம்பேறியும் இல்லை. நான் ஊற்றியிருந்தால் அந்தச் சின்ன ஓடுபாதையில், அந்த வெயிலில், விமானம் மேலே எழும்பியிருக்காது. அவருக்கு இருந்த சரியான வழி இரண்டு. ஓர் ஆளையும் மூட்டையையும் பஸ்ஸில் அனுப்புவது. இல்லையென்றால் வழியில் ஓரிடத்தில் இறங்கி எண்ணெய் அடித்துக்கொண்டு போவது. முதலாளியின் மச்சானை இறங்கச் சொல்வது யார்? ‘நடுவில் இறங்க வேண்டும், ஒரு மணி நேரம் தாமதமாகும்’ என்று மாதச் சம்பளக்காரர் எப்படிச் சொல்வார்? எதிர்க்காற்று தெரிந்தபிறகும் திரும்பியிருக்கலாம், பக்கத்தில் இன்னொரு நிலையம் இருந்தது. அங்கே இறங்கினால் எல்லாரும் கேட்பார்கள், எண்ணெய் பார்க்காமலா கிளம்பினாய் என்று. அந்தக் கேள்வி அவருக்கு வயலைவிடப் பயமாக இருந்திருக்கிறது. இது என் ஊகம்தான். ஆனால் அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் இதே தொழிலில் இருந்து, எண்ணெய் தீர்ந்து விழுந்த எந்த விமானத்தின் கதையைப் படித்தாலும் அதில் எங்காவது ஓரிடத்தில் இந்த வெட்கம் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறேன்.

மாதிரி சுத்தம் என்று அறிக்கை வந்தது. கல்யாணம் நடந்தது. என்னைத் திருவனந்தபுரத்துக்கே மாற்றினார்கள். சேட்டனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பீப்பாயை மழையில் ஏன் வெளியே போட்டிருந்தாய் என்று அதற்குத்தான் திட்டினார்.

அந்தச் சமயத்தில்தான் கனடாவில் நடந்த கதையை ஒரு பழைய பத்திரிகையில் படித்தேன். 1983 ஜூலையில் ஏர் கனடாவின் புத்தம்புது 767. எண்ணெய் காட்டும் கருவி வேலை செய்யவில்லை, கோல் வைத்து அளந்தார்கள். டாங்கில் 7,682 லிட்டர். வேண்டியது 22,300 கிலோ. லிட்டரைக் கிலோவாக்க 0.8 போட வேண்டிய இடத்தில், பவுண்டுக்கான 1.77-ஐப் போட்டுப் பெருக்கிவிட்டார்கள். 20,000 லிட்டர் ஊற்ற வேண்டியது, 5,000-க்கும் குறைவாக ஊற்றினார்கள். 41,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தபோது எண்ணெய் தீர ஆரம்பித்து, இரண்டு எஞ்சினும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. கேப்டன் பியர்சன் கிளைடர் ஓட்டிப் பழகியவர். கிம்லி என்ற ஊரில் கார்ப் பந்தயத்துக்கு விட்டிருந்த பழைய விமானப்படை ஓடுபாதையில் அதைக் கொண்டுபோய் இறக்கினார். யாரும் சாகவில்லை. உலகம் முழுக்க விமானியைப் புகழ்ந்தது. புகழ வேண்டியதுதான். நான் படித்துவிட்டு நினைத்ததெல்லாம் கீழே குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தவனைத்தான். அவ்வளவு பெரிய விமானம், நாட்டின் குறுக்கே போகப்போகிறது, மீட்டர் இவ்வளவு சீக்கிரம் நின்றுவிட்டதே என்று அவனுக்கு ஒரு நொடி தோன்றியிருக்குமா? தோன்றியிருந்தால் யாரிடம் சொல்லியிருப்பான்?

பாடகர் ஜான் டென்வர் செத்ததும் சிறு விமானத்தில்தான். 1997 அக்டோபர், கலிபோர்னியாவில் மான்டரே விரிகுடா. தனியார் ஒருவர் கையால் கட்டிய விமானம்; எந்த டாங்கிலிருந்து எண்ணெய் வர வேண்டும் என்று திருப்பும் பிடி விமானியின் இடது தோளுக்குப் பின்னால் இருந்தது. கிளம்புமுன் எண்ணெய் வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்கள். ஒரு மணி நேரம்தான் பறக்கப்போகிறேன், வேண்டாம் என்றிருக்கிறார். பறக்கும்போது பின்னால் திரும்பி அந்தப் பிடியை மாற்ற முயன்றதில் விமானம் கைவிட்டுப் போய்க் கடலில் விழுந்தது என்று விசாரணை வாரியம் முடிவு சொன்னது. அந்தச் செய்தியில் எனக்குப் பட்டதெல்லாம் அந்த ‘வேண்டாம்’தான்.

எங்கள் பக்கத்துக் கதைக்கு வருகிறேன். 1993 நவம்பர் 15. மெட்ராஸிலிருந்து ஹைதராபாத் போன இந்தியன் ஏர்லைன்ஸ் ஏர்பஸ் ஏ300, 262 பேர். ஹைதராபாத்தில் ஓடுபாதை தெரியவில்லை, இறங்காமல் மேலே ஏறினார்கள். இறக்கையில் இறங்குவதற்காக நீட்டிய மடல்கள் திரும்ப உள்ளே போகவில்லை. மடல் நீட்டியபடி பறந்தால் வேகம் எடுக்காது, காற்றை உடைத்துக்கொண்டு போக எண்ணெய் மிக அதிகமாகக் குடிக்கும். அந்த நிலையில் மெட்ராஸுக்கே திரும்பப் புறப்பட்டார்கள். வந்து சேரவில்லை. திருப்பதி பக்கத்தில் நெல் வயலில் அவ்வளவு பெரிய விமானத்தை இறக்கினார்கள். ஓர் உயிர்கூடப் போகவில்லை, தீயும் இல்லை. சாலைக் கடைத்தெருவில் எல்லாரும் ஏழுமலையான் காப்பாற்றினார் என்றார்கள். நானும் மறுக்கவில்லை. ஆனால் மெட்ராஸில் அன்று அந்த விமானத்துக்கு எண்ணெய் அடித்தவனின் ரிஜிஸ்டரையும் இந்நேரம் யாரோ பூட்டியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அவன் ஊற்றிய எண்ணெய் ஹைதராபாத்துக்குப் போதும். மடல் மாட்டிக்கொள்ளும் என்று எந்த ரிஜிஸ்டரில் எழுதுவது?

2016 நவம்பரில் கொலம்பியாவில் பிரேசில் கால்பந்துக் கிளப் ஒன்றின் அணியோடு விழுந்த விமானத்தை இதோடு சேர்க்க எனக்கு மனமில்லை. அது வேறு இனம். பயணத்துக்கு ஆகும் நேரம் 4 மணி 22 நிமிடம் என்று எழுதிய அதே தாளில், டாங்கில் உள்ள எண்ணெய் தாங்கும் நேரமும் 4 மணி 22 நிமிடம் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். கிளம்பிய ஊரில் ஒருவர் அதைச் சுட்டிக்காட்டியும் புறப்பட்டார்கள். 71 பேர் செத்தார்கள். விமானியே அந்தக் கம்பெனியில் பங்காளி. அங்கே மச்சானும் இல்லை, முதலாளியும் இல்லை. இரண்டுமாக அவரே இருந்தார்.

எங்கள் வீட்டுக்கு மேலேயே ஒன்று நடந்தது. 2015 ஆகஸ்ட் 18. ஓணத்துக்குப் பத்து நாள். வளைகுடாவிலிருந்து ஊருக்கு வருகிறவர்களின் கூட்டம். நான் ஓய்வு பெற்றுவிட்டேன், ஆனாலும் காது ஓய்வு பெறவில்லை. விடிகாலை, மழை மூட்டம், பழவங்ஙாடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க ஆள் வர ஆரம்பித்திருந்த நேரம். இறங்குகிற விமானத்தின் சத்தம் போகப் போகக் கரையும். அன்று கரைந்துகொண்டே வந்த சத்தம் திடீரென்று முழு வேகத்தில் உறுமி மேலே ஏறிப் போனது. சரி, பாதை தெரியவில்லை, சுற்றி வருகிறான் என்று நினைத்தேன். மறுபடி வந்தான், மறுபடி உறுமினான். அப்புறம் நான் வாசலுக்கு வந்து நின்றுவிட்டேன். மனைவி காபியை வைத்துக்கொண்டு கூப்பிட்டது காதில் விழவில்லை.

முழுக்கதையும் பிற்பாடு பேப்பரில் வந்தது. தோஹாவிலிருந்து கொச்சிக்கு வந்த ஜெட் ஏர்வேஸ் 737, சுமார் 150 பேர். கொச்சியில் மூன்று முறை இறங்கப் பார்த்திருக்கிறார்கள், முடியவில்லை. திருவனந்தபுரம் வந்தார்கள். இங்கேயும் மூன்று முறை. ஏழாவது முயற்சியில், ஆபத்து என்று அறிவித்துவிட்டு, இறங்கினார்கள். டாங்கில் மிஞ்சியது 349 கிலோ. கடைசிக் கையிருப்பாக அரை மணி நேரத்துக்கு வைத்திருக்க வேண்டும் என்பது ஜெட்டுக்கு உலகப் பொது விதி. 349 கிலோவில் அந்த விமானம் பத்து நிமிடம்கூடப் பறக்காது. லிட்டரில் சொன்னால் 430 சொச்சம். நான் அந்தக் காலத்தில் கையால் சுற்றி இறக்கிய பீப்பாயில் இரண்டுக்குக் கொஞ்சம் மேல். அவ்வளவு பெரிய விமானத்துக்கும் கடலுக்கும் நடுவே அன்று இருந்தது அதுதான்.

கொச்சியில் முதல் முயற்சி தவறியது யாருடைய குற்றமும் இல்லை. ஆவணி மழை அப்படித்தான். இரண்டாவதையும் புரிந்துகொள்கிறேன். மூன்றாவதற்குத் திரும்பிய நிமிடத்தில், தூரத்தில் வானம் திறந்திருக்கும் இன்னொரு ஊர் அவர்கள் கைக்கு எட்டாமல் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு சுற்றும் எண்ணெயைக் குடிக்கிறது. அதோடு, போக முடிந்த ஊர்களின் பட்டியலையும் குடிக்கிறது. பயணிகள் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். விமானத்தை வேறு ஊருக்குத் திருப்பினால் நாம் செய்வது என்ன? கவுண்டரில் போய்க் கத்துவோம். என் சொந்தக்காரப் பையன் ஒருவன், வேறொரு சமயம், தன்னைக் கொச்சிக்குப் பதில் இங்கே இறக்கி பஸ்ஸில் அனுப்பியதற்காக விமானி பெயரைக் கேட்டு எழுதிவைத்துக்கொண்டு வந்தான், புகார் கொடுக்க. ‘மருமகனே, அந்தப் பெயருக்கு ஒரு தேங்காய் உடை’ என்றேன். அவனுக்குக் கோபம்.

அப்புறம் ஒரு கூத்து. கூத்து என்று ஊர் சொன்னது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2025 ஜூன் 14 ராத்திரி, பிரிட்டிஷ் கடற்படையின் எஃப்-35பி போர்விமானம் ஒன்று இங்கே வந்து இறங்கியது. பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் என்ற கப்பலிலிருந்து கிளம்பியது. கடலில் வானிலை மோசம், எண்ணெய் குறைந்துகொண்டே வருகிறது, கப்பலுக்குத் திரும்ப முடியவில்லை. அனுமதி கேட்டு இறங்கினான், எண்ணெய் வாங்கினான். அத்தோடு போயிருந்தால் யாருக்கும் நினைவிருந்திருக்காது. கிளம்பும் சமயத்தில் ஹைட்ராலிக்கில் கோளாறு கண்டு, ஐந்து வாரத்துக்கு மேல் இங்கேயே மாட்டிக்கொண்டது, முதல் மூன்று வாரம் வெளியே மழையில். சுற்றிலும் துப்பாக்கியோடு காவல். சுற்றுலாத் துறையே, கேரளத்தை விட்டுப் போக மனமில்லை என்று அந்த விமானம் சொல்வதுபோல விளம்பரம் போட்டது. ஓணம் உண்டுவிட்டுத்தான் போவான் என்று கிழக்கேகோட்டை முழுக்கப் பேச்சு. இங்கிலாந்திலிருந்து ஆட்கள் வந்து, ஜூலை 6 அன்று ஹேங்கருக்குள் இழுத்துப்போய்ச் சரி செய்து, 22-ஆம் தேதி அது பறந்து போனது.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நான் சாயா குடிக்கும் கடையில் அந்த ஐந்து வாரமும் எனக்கு ஏக மரியாதை. ‘அண்ணாச்சி ஏரோட்ரோமில் எண்ணெய் அடிச்சவராக்கும்’ என்று கடைக்காரர் புது ஆட்களுக்கு அறிமுகம் செய்வார். ஒரு பையன், காலேஜில் படிக்கிறவன், கேட்டான்: ‘ஆயிரம் கோடி ரூபாய் விமானம், எண்ணெய் பார்க்காமல் வருவானா? அசிங்கமில்லையா?’

அவனுக்கு என்னால் முடிந்தவரை சொன்னேன். கப்பல் தளம் ஆடிக்கொண்டிருக்கும்; அந்த விமானம் நின்ற வாக்கில் கீழே இறங்குவதற்கே ஏகப்பட்ட எண்ணெய் வேண்டும். இன்னொரு தடவை பார்ப்போம், இன்னொரு தடவை பார்ப்போம் என்று அவன் கடலின் மேலேயே சுற்றியிருந்தால் உனக்குச் சிரிக்க எதுவும் கிடைத்திருக்காது. அந்நிய நாடு, ரகசிய விமானம், நாளைக்கு உலகப் பத்திரிகையெல்லாம் படம் போடும் என்று தெரிந்தும், எண்ணெய் மிச்சமிருக்கும்போதே வந்து இறங்கினானே, நான் பார்த்த விமானிகளில் பாதிப் பேருக்கு அந்தத் தைரியம் இல்லை. பையன் கொஞ்சம் யோசித்தான்.

‘அது சரி, பார்க்கிங் வாடகை யார் கொடுத்தது?’

அதோடு பேச்சு அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. ஒரு நாளைக்கு எவ்வளவு இருக்கும், எடைக்கா நேரத்துக்கா, வெள்ளைக்காரனிடம் பவுனில் வாங்கினார்களா என்று ஆளுக்கொரு தொகை சொன்னார்கள். ஆட்டோ ஸ்டாண்டிலிருந்தும் இரண்டு பேர் வந்து சேர்ந்துகொண்டார்கள். சங்குமுகம் பஸ் வந்ததும் பாதிக் கூட்டம் ஓடிப்போய் ஏறிக்கொண்டது. மிச்சப் பேர் அடுத்த பஸ் வரும்வரை அதையே பேசிக்கொண்டிருந்தார்கள்.